மூன்று காலிக் கட்டங்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ‘உங்க மெனு பொய் சொல்லுதுங்க டீச்சர்.’

வணக்கம் இல்லை. சௌக்கியமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரே வரி. சுருக்கென்றது எனக்கு.

என் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. சீரியல் பார்த்தாலும் மாமியார் எத்தனை தடவை அழுதாள் என்று எண்ணுகிற ஜாதி.

கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எண்களைப் போட்டு வைக்கிறோமே, ஸ்ப்ரெட்ஷீட் — அதில் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ். அதாவது, அதன் உள்ளே எழுதியிருக்கிற நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம். கூட்டல், பெருக்கல், சராசரி எல்லாம் தங்கமாகச் செய்யும். ஆனால் இரண்டு குழுக்களை ஒப்பிட்டு, ‘இந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா’ என்று கேட்க வேண்டுமென்றால் ஃபார்முலா மனப்பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கிலீஷ் மெனுவில் தடவ வேண்டும். எத்தனை பேருக்கு அதற்குப் பொறுமை?

அதனால் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, சம்பளமில்லாமல், இரண்டு வருடமாக அதற்கு ஒரு புள்ளியியல் மெனு எழுதினோம். தமிழில். ‘இரண்டு குழுக்களை ஒப்பிடு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் போதும்... பதிலும் தமிழில் வரும். பாடப்புத்தகக் கணக்கு அத்தனையையும் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. இதே பத்திரிகைப் பத்தியில் முன்பே இரண்டு தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மெனுதான் பொய் சொல்கிறதாம்.

செய்தி அனுப்பியவர் வசந்தி. கொல்லிமலையில், குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். முப்பத்தைந்து வயதிருக்கும். சாமை, மரவள்ளி, கொஞ்சம் மிளகு. ஊர் விதைக் குழுவுக்குச் செயலாளர். போன வருடம் ராசிபுரத்தில் நான் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தவர். மற்றவர்கள் டீக்கு எழுந்து போன நேரத்திலும் லேப்டாப்பை விடாமல் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

போனில் கூப்பிட்டேன். “என்ன வசந்தி, பொய்யா? எந்த இடத்தில்?”

“புதுச் சாமைதான் ஒசத்தின்னு சொல்லுதுங்க டீச்சர். வித்தியாசம் நெசந்தான்னு வேற அடிச்சுச் சொல்லுது. நான் கண்ணால பார்த்தது அப்படி இல்லீங்க.”

“கண் ஏமாற்றும் வசந்தி. அதற்குத்தானே புள்ளியியல்?”

“ஏமாத்துமுங்க. ஆனா வியாழக்கிழமை கூட்டமுங்க. எந்த வெதைன்னு நாந்தான் சொல்லணும். நான் சொல்ற வெதையைத்தான் நாப்பது ஊட்டுலயும் போடுவாங்க. தப்பாப் போச்சுன்னா அடுத்த தை வரைக்கும் என்னத்தைத் திங்கறது?”

இதற்கு மேல் போனில் என்ன பேசுவது? புதன்கிழமை காலை பஸ் ஏறிவிட்டேன். அவருக்கு உதவுவதற்காக என்று எழுத ஆசைதான். உண்மையில், என் மெனு பொய் சொல்லாது என்று நிரூபிக்கத்தான் போனேன்.

கொண்டை ஊசி வளைவுகள் என் வயிற்றுக்கு ஆகாது. வளைவு குறைவு என்பதால் முள்ளுக்குறிச்சி வழியாகப் போகிற பஸ். “வாசலூர்பட்டி போட் ஹவுஸுங்களா?” என்று கண்டக்டர் கேட்டார். லேப்டாப் பையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெண்பிள்ளை மலையேறினால் படகு விடத்தான் போகிறாள் என்று முடிவு. இல்லை, சாமைக் கணக்கு பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

வசந்தி வீட்டில் மேஜை கிடையாது. குழுவின் பழைய லேப்டாப்பை விதை டிரம்மின் மேல் வைத்துத்தான் வேலை. மத்தியானம் உட்கார்ந்தோம். அவர் கணவர் வாசலில் மிளகுக் கொடியைக் கட்டுவதற்கு நார் கிழித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வெளியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் குழு வந்து, கனத்த கதிர் விடும் புதுச் சாமை விதை கொடுத்திருக்கிறது. வசந்தி எடுத்த எடுப்பிலேயே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடவில்லை. பன்னிரண்டு வீட்டில் பழைய சாமை, பன்னிரண்டு வீட்டில் புதுசு, எல்லோருக்கும் ஒரே அளவு காடு, அதாவது புன்செய் நிலம், என்று பிரித்து விதைக்க வைத்திருக்கிறார். அறுவடைக்கு அப்புறம் நோட்டோடு வீடு வீடாகப் போய், யாருக்கு எத்தனை வள்ளம் கண்டது என்று எழுதி வந்திருக்கிறார். வள்ளம் என்பது அங்கே தானியம் அளக்கிற மரக்கால் மாதிரி.

ஆராய்ச்சி மாணவிகள் பலருக்கு நான் மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லியும் ஏறாத விஷயம் இது. இந்தப் பெண் தானாகச் செய்திருந்தார். மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை... கோபம் இன்னும் ஆறவில்லையே.

பொத்தானை அழுத்தினேன். பழையது சராசரி பதினாறு வள்ளம். புதுசு பத்தொன்பது. ‘இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.’

பேப்பரை எடுத்து, கையாலேயே கணக்குப் போட்டேன். முக்கால் மணி நேரம். அதே பதில்.

“பாருங்க வசந்தி. மெனு சரியாகத்தான் சொல்கிறது.”

“சரிங்க டீச்சர்” என்றார். அந்த ‘சரிங்க’வில் சம்மதம் ஒரு துளிகூட இல்லை. எழுந்து போய் டீ வைத்தார்.

டீ வருகிற நேரத்தில் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் பெட்டியின் அடியில், பொடி எழுத்தில், யாரும் படிக்காத ஒரு வரி இருக்கும். கணக்கில் எடுத்த கட்டங்களின் எண்ணிக்கை. பழையது: 12. புதுசு: 9.

ஒன்பதா?

“வசந்தி, புது விதை வாங்கினது பன்னிரண்டு வீடுதானே?”

“ஆமாங்க.”

“இங்கே ஒன்பதுதான் இருக்கு. மூணு கட்டம் காலியா இருக்கே?”

“அது மூணு ஊடு... விட்டிருக்குதுங்க.”

“ஏன் விட்டீங்க?”

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். “அவங்க காட்டுல சரியா வரலீங்க. கதிர் முத்தற நேரத்துல மழை அடிச்சு சாஞ்சு போச்சு.”

“அப்போ பூஜ்யம் போட வேண்டியதுதானே?”

வாசலில் நார் கிழிக்கிற சத்தம் நின்றது. கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

“எப்படிங்க டீச்சர் போடறது?” என்றார் வசந்தி, மெதுவாக. “ஒருத்தர் காட்டுக்கு நேரா சைபர் எழுதக் கூடாதுங்க. எழுதிட்டா மறு வருசமும் அப்படியே ஆயிரும்பாங்க. எங்க பக்கம் யாரும் எழுத மாட்டாங்க. வெறும் எடமா உட்டுருவோம்.”

“விட்டால் எப்படித் தெரியும்?”

“எங்க நோட்டுல வெறும் எடம் இருந்தா, பார்க்கற எல்லாத்துக்கும் தெரியுமுங்க. உங்க பொட்டிக்குத் தெரியாதுங்களா?”

நியாயமான கேள்வி.

பெட்டிக்குத் தெரியாது. ஏனென்றால் பெட்டிக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான். ‘காலிக் கட்டம் வந்தால் தாண்டிப் போ’ — நிரலில் அந்த வரியை என் கையால் எழுதினேன். எங்கள் ஐவரில் ஒருவர் ஜோசப், கோயம்புத்தூர்க்காரர். “தாண்டிப் போகும்போது ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாமா மேடம்?” என்று அப்போதே கேட்டார். “சும்மா சும்மா எச்சரிக்கைப் பெட்டி திறந்தால் ஆட்கள் எரிச்சலாவார்கள்” என்று நான்தான் வாயை அடைத்தேன். அப்புறம் எங்களுக்குள் ஒரு சமரசம்: அடியில், பொடி எழுத்தில், எண்ணிக்கை. எழுதின எனக்கே அது முக்கால் மணி நேரம் கண்ணில் படவில்லை.

அதாவது, புதுச் சாமை நன்றாக வந்த வீடுகளை மட்டும் வைத்துச் சராசரி போட்டு, புதுச் சாமை நன்றாக வருகிறது என்று சொல்லியிருக்கிறது என் மெனு. ஃபெயிலான பிள்ளைகளை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டு வகுப்பில் நூறு சதவீதம் பாஸ் என்று அறிவிக்கிற மாதிரி. வெட்கமாக இருந்தது. கையால் போட்டபோதும் நான் அதையே செய்தேன். காலியாக இருந்ததைக் காலியாகவே தாண்டினேன்.

“மன்னிச்சுக்குங்க வசந்தி. தப்பு என் பேர்ல.”

“அதெல்லாம் என்னத்துக்குங்க டீச்சர். நாளைக்குக் கூட்டமுங்க.”

இதோ ஒரு நொடியில் சரி செய்துவிடலாம் என்று அந்த மூன்று கட்டத்திலும் பூஜ்யம் அடிக்கப் போனேன். வசந்தி லேப்டாப்பை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மரியாதையாகத்தான், ஆனால் இழுத்தே விட்டார்.

“கேக்காம வேண்டாமுங்க. அவங்க காடு. அவங்க சொல்லட்டும்.”

மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன். மூன்று வீடும் மூன்று சரிவில். என் முட்டி என்ன பாடுபட்டது என்று தனிப் பத்தியே எழுதலாம்.

முதல் வீட்டுக்காரர் சிரித்தார். “சைபரெல்லாம் இல்லீங்க. சாஞ்சிருமாட்ட இருந்துச்சு. பச்சையா இருக்கறப்பவே அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டேன். பழைய வெதை டப்பா நெறைய வெச்சிருக்கறேன், எனக்கு ஒண்ணும் கொறையில்லீங்க.”

இது பூஜ்யமே அல்ல. விளைந்திருந்தால் எவ்வளவு கண்டிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். காலியாகவே விட வேண்டிய கட்டம் இது. நான் பூஜ்யம் அடித்திருந்தால் புதுச் சாமைக்கு எதிராக ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது வீடு பாப்பாத்தியுடையது. வசந்தி வயசுதான் அவருக்கும். “வந்துச்சுங்க, வராம என்ன” என்றார். “சாஞ்சதைப் பொறுக்கிப் பொறுக்கி, காயக் காயக் குத்திச் சோறாக்கிட்டோம். ஒரே தடவையா அளக்கவே இல்லை. வசந்தி வந்தப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. குத்துமதிப்பா ஒரு ஏழு வள்ளம் இருக்குமுங்க.”

குத்துமதிப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒவ்வாமை வரும். ஆனால் சமைத்துப் போட்டவருக்குத் தெரியாதா, எத்தனை நாள் சோறு என்று? ஏழு என்று எழுதிக்கொண்டோம்.

மூன்றாவது வீடு பெரியசாமி என்பவருடையது. நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். மூன்று காட்டில் அவருடையதுதான் ஆகச் செங்குத்து. வசந்தி என்னை அறிமுகப்படுத்திவிட்டு, சுற்றி வளைத்து, எப்படியோ விஷயத்துக்கு வந்தார். “அண்ணா, கணக்குல உங்க பேருக்கு நேரா வெறும் எடமா இருக்குது. அது கணக்கைத் தப்பாக் காட்டுதாம். நீங்க சொன்னா... எழுதிக்கறேன்.”

அவர் காட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். வசந்தி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“நாப்பது ஊட்டுக்கு வெதை சொல்றது இதை வெச்சுத்தானா?” என்று கேட்டார் பெரியசாமி.

“ஆமாங்கண்ணா.”

“அப்ப எழுதிக்க கண்ணு. ஒரு பிடி வரலை. உள்ளது அதுதானே.”

திரும்பி வரும் வழியில் எண்ணிப் பார்த்தேன். நாற்பது வருடமாகக் கரும்பலகையில் எத்தனை ஆயிரம் பூஜ்யம் போட்டிருப்பேன்... ஒன்றைக்கூட யாரிடமும் கேட்டுப் போட்டதில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே டிரம் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். பாப்பாத்திக்கு ஏழு. முதல் வீட்டுக்காரருக்குக் காலி, பக்கத்தில் ‘மாட்டுக்கு அறுத்தது’ என்று குறிப்பு. பெரியசாமிக்கு நேராக வசந்தி பூஜ்யம் அடித்தார். அடிக்கும்முன் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொத்தான். பழையது பதினாறு. புதுசு பதினாறும் கொஞ்சமும். ‘வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை.’

“அப்படின்னா?” என்றார்.

“தெரியாது என்று அர்த்தம். புதுசு மேல் என்றும் சொல்ல முடியாது, கீழ் என்றும் சொல்ல முடியாது.”

“இதைத்தானுங்க நான் கண்ணால பார்த்தேன்” என்றார். கொஞ்சம் சிரிப்பு. எனக்கும் கோபம் போய்விட்டிருந்தது.

அடுத்து அவர் மறுநாளைக்கு வேண்டிய விதைப் பட்டியலைத் திறந்தார். விதைத்துப் பார்த்த அந்த இருபத்து நான்கு வீட்டில் யாருக்கு எத்தனை வள்ளம் விதை கொடுப்பது என்ற பட்டியல். அதுவும் அதே தாளிலிருந்து தானாக வருகிறது. காலி வரிசைகள் வராமலிருக்க, மகசூல் கட்டத்தில் எண் இருக்கிற பெயர்கள் மட்டும் வரும்படி வடிகட்டி வைத்திருக்கிறார். அந்த வடிகட்டியை ராசிபுரம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி யார்? சொல்ல வேண்டுமா என்ன?

பட்டியலில் புதிதாக இரண்டு பெயர் கூடியிருந்தது. பாப்பாத்தி. பெரியசாமி.

வசந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாப்பாத்தி தேவைன்னா கேட்டு வாங்கிக்குவா டீச்சர். பெரியசாமி அண்ணங்கிட்ட வெதை இருக்குதான்னு நான் கேக்கவே இல்லீங்களே. பழசு கொஞ்சம் வெச்சிருப்பாருன்னே நெனச்சுட்டேன்.”

காலையில் கூட்டம். விதை வைக்கிற கட்டடத்தின் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தி சுருக்கமாகச் சொன்னார்: ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை, இன்னும் ஒரு வருசம் போட்டுப் பார்க்கணும். “தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?” என்று ஒருவர் கேட்டார். நான் நெளிந்தேன். “நேத்து மத்தியானம் வரைக்கும் தப்பாத் தெரிஞ்சுச்சுங்க. இன்னைக்குத்தான் சரியாத் தெரியலை” என்றார் வசந்தி. சிரித்துவிட்டார்கள்.

யாருடைய காடு சாய்ந்தது என்று ஊருக்கே தெரியும். சரிவுக்குப் பழசு, சமதளத்தில் விருப்பமிருந்தால் புதுசு என்று அவர்களே பேசி முடித்தார்கள். இரண்டு மூன்று காட்டை வைத்துக்கொண்டு அப்படியெல்லாம் முடிவு கட்ட முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன். அந்தச் சரிவில் நின்று களை எடுக்கிறவர்கள் அவர்கள்.

பிறகு வசந்தி பட்டியலைப் படித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெரியசாமி பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். தன் பெயர் வந்ததும் நகரவில்லை. மறுபடி கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

“எனக்கு இருக்காதுன்னு நெனச்சேன்” என்றார்.

“உங்ககிட்ட பழைய வெதை எதாச்சும் இருக்குதுங்களாண்ணா?”

“இல்லை கண்ணு. இருந்ததை வெச்சுக்காம, புதுசு வருதேன்னு அத்தனையும் குத்தித் தின்னுட்டோம். வெதை கேட்டு ஒருத்தர் ஊட்டு முன்னால எப்படி நிக்கறது? காட்டை உட்டுட்டு, பள்ளிபாளையம் பக்கம் தறி வேலைக்குப் போயரலாம்னு இருந்தேன்.”

வசந்தி வள்ளத்தை எடுத்துப் பழைய சாமையை அவர் துண்டில் அளந்து போட்டார். நான் லேப்டாப்பை மூடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். கண் கலங்கிவிட்டது, வேறென்ன.

சேலம் திரும்பிய அன்றே உட்கார்ந்து என் பழைய வரியைத் திருத்தினேன். இனி காலிக் கட்டம் இருந்தால் மெனு தாண்டிப் போகாது. நடுத்திரையில், பெரிய எழுத்தில் நிறுத்திக் கேட்கும்: ‘மூன்று பேருடைய கட்டம் காலியாக இருக்கிறது. அவர்களிடம் கேட்டீர்களா?’ கேட்டேன் என்று பதில் சொல்லாமல் கணக்குப் போடாது. திருத்தத்தை மற்ற நால்வருக்கும் அனுப்பினேன்.

ஜோசப்பிடமிருந்து அரை மணியில் பதில். ‘நான் அப்போதே சொன்னேனே மேடம். ஆனால் இவ்வளவு கெடுபிடி தேவையா? வேலையைத் தடுத்து நிறுத்துகிறதே. இது இல்லாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?’

திருப்பி எழுதினேன்: ‘ஒருவர் தறிக்குப் போயிருப்பார்.’